கட்டைப் பிரிக்காத நாட்கள்

கல்வராயன் மலைக் கிராமங்களில் விறகடுப்பு இன்னும் அணையவில்லை. உலையோ கஞ்சிப் பானையோ சரிந்தால் கையிலும் தொடையிலும் கொப்புளம் கிளம்பிவிடும். தோலின் மேலடுக்கோடு அடுத்த அடுக்கிலும் கொஞ்சம் வெந்துபோன இதைத்தான் பகுதி ஆழத் தீக்காயம் என்கிறார்கள். நரம்பு முனைகள் பிழைத்திருப்பதால் காற்று பட்டாலே உயிர் போகும். மயிர்க்கால்களில் உயிரணுக்கள் மிஞ்சியிருப்பதால், சீழ் பிடிக்காமல் காத்தால், ஆழம் குறைந்த காயம் இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறும்.

அந்த வாரங்களைக் கடப்பதுதான் பாடு. சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைத் தடவி, காஸ் துணி சுற்றி, தினமும் மாற்றுவது நெடுநாள் வழக்கம். காய்ந்து ஒட்டிய காஸை உரிக்கும்போது அன்றுதான் முளைத்த தோலும் கூடவே வந்துவிடும். வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ பஸ் பிடித்துக் கீழே இறங்கினால் அன்றைய கூலியும் போச்சு. பாதியில் வருவதை நிறுத்திவிடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

புண் காயவேண்டும் என்ற நம்பிக்கையை 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் அசைத்தார். பன்றிகளின் காயங்களை மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்தபோது, திறந்துகிடந்தவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் தோல் படர்ந்தது. இன்றைய நவீனக் கட்டுகள் அந்த வழியில் வந்தவை. சிலிக்கோன் பூசிய நுரைக்கட்டு நீரை உறிஞ்சும், புண்ணில் ஒட்டாது. வெள்ளி கலந்த கட்டு கிருமிகளைத் தடுக்கும். வகையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு நாள் வரை பிரிக்கவே வேண்டியதில்லை. மாட்டுத்தோலிலிருந்து கொலாஜன் பிரித்துப் புண் மூடும் தாள் செய்யும் முறையை, சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது. சுத்தமான புதுக் காயத்தில் ஒட்டினால், அடியில் தோல் வளர வளர அது தானே உரிந்துவிடும்.

காஸைவிட இவை விலை கூடியவைதான். ஆனால் பஸ் கட்டணத்தையும் போன கூலியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில்தான் இவை முதலில் இருப்பில் இருக்கவேண்டும்.

எல்லாக் காயத்துக்கும் இது போதாது. 2021 அக்டோபரில் சங்கராபுரம் பட்டாசுக் கடையில் நேர்ந்ததுபோன்ற பெருந்தீக்கு சிரைவழித் திரவமும் தோல் ஒட்டும் அறுவையும் தேவைப்படலாம். வெளுத்தோ கருகியோ வலியே தெரியாமலோ இருந்தால் காயம் ஆழமானது. முகம், கை, மூட்டு, மறைவிடம் வெந்தாலும், மின்சாரம் தாக்கினாலும், குழந்தைக்கு என்றாலும் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும்.

அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று: 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர். குழாய் இல்லையா, குடத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ், பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். தீக்காயத்தின் ஆழம் இரண்டு மூன்று நாளில்தான் முழுசாகத் தெரியும் என்பதால், எந்தக் கட்டானாலும் அதற்குள் ஒருமுறை மருத்துவர் பார்த்தாகவேண்டும். அதன்பிறகு ஏழு நாள் பொறுக்கலாம் என்று சொல்லியிருந்தாலும், காய்ச்சல், நாற்றம், கூடும் வலி, கட்டைத் தாண்டிக் கசியும் நீர் இவற்றில் ஒன்று தென்பட்டால் அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.