கொரியர் சட்டியில் வரப்புக் கீரை

கொரிய மொழியில் ‘நாமுல்’ என்று ஒரு சொல் உண்டு. சாப்பிடக்கூடிய இலை, தண்டு, வேர், முளை எல்லாமே நாமுல்தான். அதை வேகவைத்துப் பிசைந்து சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் அந்தத் தொடுகறிக்கும் அதே பேர். குளிர் முடிந்து வசந்தம் வரும்போது மேட்டிலும் வரப்பிலும் தானாக முளைப்பவற்றை ‘பொம் நாமுல்’ என்கிறார்கள். வசந்தக் கீரை என்று சொல்லலாம். நம்ம ஊர் விவசாயி கண்ணுக்கு அதில் பாதி களைச்செடி. அவர்களுக்கோ அது வருஷம் முழுக்கக் காத்திருந்து குடிக்கிற சூப்.

என் மகளும் மருமகனும் வேலை நிமித்தமாக சியோலுக்குத் தெற்கே சுவோன் நகரத்தில் இருக்கிறார்கள். ஒரு மார்ச், ஏப்ரல் முழுக்க நானும் வீட்டுக்காரம்மாவும் அங்கே தங்கியிருந்தோம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 3 ஏக்கரில் இயற்கை விவசாயம் பார்ப்பவன் நான். அரண்மனை பார்ப்பதைவிட வயல் பார்க்கத்தான் ஆசை. மருமகனோடு வேலை செய்யும் கொரிய நண்பர் ஒருவர், தெற்கு சுங்சோங் மாகாணத்தில் இருக்கும் தன் அம்மாவின் ஊருக்கு எங்களைக் கூட்டிப் போனார். அம்மாவுக்கு 80 வயது இருக்கும். அவர் சொல்லச் சொல்ல மகன் ஆங்கிலத்தில் சொன்னார். அங்கே கற்றதையும், அப்புறம் தேடித் தெரிந்துகொண்டதையும் நம் உழவர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று செடிகள்

வசந்த சூப்புக்கு முக்கியமான செடிகள் மூன்று.

முதலாவது நேங்கி. கடுகுக் குடும்பத்துச் செடி. குளிர்காலம் முழுக்கத் தரையோடு தரையாக வட்டமாக ஒட்டிக் கிடக்கும். மண் இளகியதும், பூத்தண்டு கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பூத்துவிட்டால் வேர் நாராகிவிடும். இதில் வேர்தான் முக்கியம். வெள்ளை வேரைக் கிள்ளி முகர்ந்தால் முள்ளங்கி வாசம் கொஞ்சம், மண் வாசம் கொஞ்சம். அதனால் இலையைக் கிள்ளாமல் வேரோடு தோண்டுகிறார்கள். தோண்டுவதற்கு ‘ஹோமி’ என்று ஒரு கருவி. நம்ம களைக்கொத்துக்கு அண்ணன் தம்பி முறை. கைப்பிடி குட்டை, இரும்பு நுனி முக்கோணமாக வளைந்திருக்கும்.

இரண்டாவது ஸுக். நம்ம சுக்கு இல்லை. மரிக்கொழுந்து, மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த செடி. இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகச் சுணை இருக்கும். கசகசவென்று எங்கும் பரவும். இதன் பெருமை தெரிய அவர்களுடைய ஆதிக்கதையைக் கேட்க வேண்டும். மனிதராக ஆசைப்பட்ட ஒரு கரடிக்கும் புலிக்கும் ஒரு கட்டு ஸுக்கும் 20 பல் பூண்டும் கொடுத்து, 100 நாள் வெயில் படாமல் குகைக்குள் இருக்கச் சொன்னார்களாம். புலி பாதியில் ஓடிவிட்டது. பொறுத்திருந்த கரடி பெண்ணாக மாறியது. அவள் பெற்ற மகன் தங்குன்தான் முதல் கொரிய ராஜ்யத்தை நிறுவினான் என்பது கதை. 13ஆம் நூற்றாண்டில் ஒரு பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’ நூலில் இது இருக்கிறது. ஒரு நாட்டின் பிறப்புக் கதையிலேயே ஒரு களைச்செடி!

மூன்றாவது தல்லே. காட்டு வெங்காயம். புல் போல மெல்லிய தாள், அடியில் பட்டாணி அளவு வெள்ளைக் கிழங்கு. பச்சையாகக் கடித்தால் சின்ன வெங்காயத்தைவிடக் காரம். அதே மாகாணத்தில் சொசான் என்னும் பகுதி தல்லே சாகுபடிக்குப் பேர்போனது. கிழவிகள் மேட்டில் தோண்டிய செடி இப்போது குடில்களில் விளைந்து நகரத்துக்குப் போகிறது.

சூப்பின் உயிர் வைக்கோலில்

கீரை மட்டும் இருந்தால் இந்த சூப் வராது. ‘துவென்ஜாங்’ என்கிற சோயா விழுது வேண்டும். அதைச் செய்யும் முறை இயற்கை விவசாயிக்குப் பிடிக்கும்.

சோயாவை நன்றாக வேகவைத்து, இடித்து, செங்கல் மாதிரி கட்டியாகப் பிடிக்கிறார்கள். இதற்கு ‘மெஜு’ என்று பேர். காய்ந்த கட்டியை வைக்கோலால் கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோல் வெறும் கயிறு என்று நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நுண்ணுயிரிதான் சோயாவைப் புளிக்க வைக்கும் முக்கியமான ஆள். விதைநேர்த்திக்கும் வேர்அழுகலுக்கும் நாம் பாக்கெட்டில் வாங்குகிற அதே பேசில்லஸ் சப்டிலிஸ்! பிறகு மண்ஜாடியில் உப்புக்கரைசல் ஊற்றி மெஜுவைப் போட்டு ஊறவிடுவார்கள். மேலே அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் மிதக்கும். உப்பு சரியா என்று பார்க்க ஒரு முட்டையைப் போடுவார்கள். முட்டை மிதந்து, ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரிந்தால் சரி. ஓரிரு மாதம் கழித்துப் பிரிக்கும்போது, தெளிந்த நீர் சோயா சாறு. கீழே தங்கியது துவென்ஜாங். அதையும் மாதக்கணக்கில் ஜாடியில் முதிரவிடுகிறார்கள். இந்த மரபு அறிவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

விஷம் தெளித்த வைக்கோலைக் கொண்டு நல்ல மெஜு கட்ட யாருக்கும் மனசு வராது. கீரை வரப்பிலிருந்து, விழுதுக்கு உயிர் வைக்கோலிலிருந்து. ஆக சூப் முழுக்கவே வயலின் சுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது.

நேங்கி சூப் செய்முறை (4 பேருக்கு)

தேவையானவை: வேரோடு நேங்கி 200 கிராம், துவென்ஜாங் 2 மேசைக்கரண்டி, அரிசி கழுவிய தண்ணீர் சுமார் ஒன்றேகால் லிட்டர், பெரிய நெத்திலிக் கருவாடு 10, உள்ளங்கை அளவு காய்ந்த கடற்பாசி, நசுக்கிய பூண்டு ஒரு தேக்கரண்டி, வெங்காயத்தாள், பச்சைமிளகாய் ஒன்று.

முதலில் கீரையைச் சுத்தம் செய்ய வேண்டும். பழுத்த இலையைக் களைந்து, இலையும் வேரும் சேரும் கழுத்தில் ஒட்டிய மண்ணைக் கத்தியால் சுரண்ட வேண்டும். தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து நாலு தண்ணீர் அலச வேண்டும். தடித்த வேரை இரண்டாகக் கீறிக்கொள்ளலாம்.

அரிசியை முதலில் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது, மூன்றாவது கழுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம வீட்டில் மாட்டுத்தொட்டிக்குப் போகும் கழுநீர் அங்கே சூப்புக்கு அடித்தண்ணீர். அந்த மெல்லிய கஞ்சித்தன்மை சோயா விழுதின் முரட்டு ருசியைத் தணித்து, சூப்புக்கு உடம்பு கொடுக்கிறது.

நெத்திலியின் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். கழுநீரில் நெத்திலியையும் கடற்பாசியையும் போட்டுக் கொதிக்க விட்டு, கொதி வந்த கொஞ்ச நேரத்தில் பாசியை எடுத்துவிடுங்கள். நெத்திலி இன்னும் 10 நிமிடம் கொதிக்கட்டும். பிறகு அதையும் அரித்தெடுத்துவிட்டு, துவென்ஜாங்கைக் கரைத்து ஊற்றுங்கள். சைவக்காரர்கள் நெத்திலிக்குப் பதில் காய்ந்த காளானும் பாசியும் போடலாம். விழுது கரைந்து கொதித்ததும் நேங்கி, பூண்டு, மிளகாய். ஐந்தாறு நிமிடத்தில் வேர் மிருதுவாகிவிடும். கடைசியில் வெங்காயத்தாள். விழுதிலேயே உப்பு அதிகம். தனி உப்பு வேண்டாம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் விழுதையும் குறைத்துக்கொள்ளலாம்.

ஸுக் சூப்புக்கு அடித்தண்ணீர் இதேதான். கொழுந்தைத் தண்ணீரில் கசக்கி அலசினால் கசப்பு குறையும். ஈரத்தோடு பச்சை சோயா மாவில் புரட்டி, கொதிக்கும் சூப்பில் போட்டுக் கிளறாமல் விட்டுவிடுவது ஒரு முறை. கிளறினால் மாவு கழன்றுவிடும். தெற்குக் கடற்கரையில் தொங்யோங் ஊரில் தட்டைமீனோடு ஸுக்கைச் சேர்த்து வசந்தகால சூப் வைக்கிறார்கள். தல்லே மட்டும் கடைசிக் கொதியில்தான் போட வேண்டும். வெந்தால் வாசம் போய்விடும்.

பசியில் பிறந்த ருசி

இது பணக்காரர் வீட்டு அடுக்களையில் பிறந்த சமையல் இல்லை. அறுவடை நெல் தீர்ந்து, வயலில் பார்லி இன்னும் முற்றாத மாதங்களைக் கொரியர்கள் ‘பார்லிக் கணவாய்’ என்பார்கள். அந்தக் கணவாயைக் கடப்பதுதான் கஷ்டம். கையில் ஹோமியும் கூடையுமாகப் பெண்கள் மேட்டுக்குப் போனது அதனால்தான். பஞ்சகாலத்தில் எதைத் தின்று பிழைக்கலாம் என்று 1554இலேயே ஜொசொன் அரசு, சாதாரண மக்களுக்கும் புரியும்படி ஹங்குல் எழுத்தில் விளக்கத்தோடு ஒரு சிறு நூலை வெளியிட்டது.

பசி போன பிறகும் அவர்கள் அந்தக் கீரையை விடவில்லை. மார்ச் மாதத்தில் சந்தை ஓரத்தில் வயதான பெண்கள் நேங்கியையும் ஸுக்கையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். 1986இல் சியோலில் ஒரு சின்ன அரிசிக்கடையாகத் தொடங்கிய ‘ஹன்சாலிம்’ இன்று இயற்கை விவசாயிகளையும் நுகர்வோரையும் இணைக்கும் பெரிய கூட்டுறவு. அங்கேயும் வசந்தம் வந்தால் இந்தக் கீரைகள் விற்பனைக்கு வரும். வங்கியில் நான் பார்த்த சாகுபடிச் செலவுப் பட்டியல்களில் களை எப்போதும் செலவுப் பக்கத்தில்தான். வரவுப் பக்கத்தில் ‘வரப்புக் கீரை’ என்று ஒரு வரி பார்த்ததில்லை. அங்கே அந்த வரி இருக்கிறது.

ஸுக் அவர்கள் நிலத்துக்கும் சாப்பாடு. கொரிய இயற்கை வேளாண்மையை வகுத்த சோ ஹான்-கியு, ஸுக் கொழுந்தைச் சூரியன் வருமுன் பறித்து, நாட்டுச்சர்க்கரையோடு புளிக்கவைத்துப் பயிருக்குக் கொடுக்கச் சொன்னார். நாம் மீனும் வெல்லமும் போட்டுச் செய்கிற மீன் அமிலமும் அவருடைய முறையில் உள்ள இடுபொருள்தான். கொரியா நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை.

எங்கே பறிக்கக் கூடாது?

அந்த அம்மாவிடம் நான் கவனித்தது, அவர் செடியைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பார்த்தார். பக்கத்துக்காரர் தெளித்த வரப்பு என்றால் எவ்வளவு செழிப்பாக நேங்கி இருந்தாலும் குனிவதில்லை. சாலையோரம், நகரத்து ஓடைக்கரை இரண்டிலும் பறிக்க வேண்டாம், கனஉலோகங்கள் சேர்ந்திருக்கும் என்று அங்கே அரசும் எச்சரிக்கிறது.

தெரியாத செடியைத் தொடாதே என்பது அடுத்த விதி. காட்டுப்பூண்டு இலை என்று நினைத்து விஷ இலையைப் பறித்து ஆஸ்பத்திரிக்குப் போவது அங்கே வசந்தந்தோறும் நடக்கிறது. ‘வொன்சூரி’ என்ற அல்லி போன்ற செடியின் இளங்கொழுந்தைக் கூட நன்றாக வேகவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்த பிறகே தின்கிறார்கள். அதில் கோல்சிசின் இருக்கிறது. நம்ம கண்வலிக்கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு.

களைக்கொல்லி கொரியாவிலும் உண்டு. ஆனால் பாராகுவாட் மருந்தின் பதிவை 2011இல் ரத்து செய்து, 2012இல் விற்பனையையும் நிறுத்தினார்கள். 2011க்கும் 2013க்கும் இடையில் பூச்சிமருந்தால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்ததில் எத்தனை வீடுகள் பிழைத்தன, பாருங்கள்.

நம்ம வரப்பு

நேங்கி நம்ம சமவெளிச் சூட்டில் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. கோடையில் கொரியர்கள் பறிக்கும் கீரைகளைப் பாருங்கள்: ‘சொய்பிரும்’ என்பது நம்ம பருப்புக்கீரை. ‘மியொங்காஜு’ என்பது சக்கரவர்த்திக் கீரை. அதன் முற்றிய தண்டில் செய்த கைத்தடியைத்தான் 100 வயதானவர்களுக்கு அரசு மரியாதையாகக் கொடுக்கிறது. ‘பிரும்’ நம்ம குப்பைக்கீரையின் சொந்தம். சென்னையில் கொரியர்கள் நிறைய இருப்பதால் கொரியச் சாமான் கடைகளில் துவென்ஜாங் கிடைக்கும். கோதுமை மாவு கலக்காததா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். எங்கள் தோட்டத்துப் பருப்புக்கீரையை அதே கழுநீர், நெத்திலி, விழுது போட்டு வீட்டுக்காரம்மா வைத்தார். லேசான புளிப்போடு நன்றாகவே இருந்தது.

கவலை சூப்பைப் பற்றி இல்லை. எங்கள் ஊரில் களையெடுக்க வரும் பெண்கள் முன்பெல்லாம் மடியில் கீரை இல்லாமல் வீடு திரும்ப மாட்டார்கள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை என்று ஆளுக்கொரு மடி. இப்போது சுற்றிலும் களைக்கொல்லி. எந்தக் காட்டில் அடித்தார்கள் என்று தெரியாததால் அடிக்காத காட்டிலும் பறிக்கப் பயப்படுகிறார்கள். பறிக்காமல் விட்டால் பேர் மறந்துபோகும். பேர் தெரியாத செடிக்கு மருந்தடிக்க யாரும் யோசிப்பதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த களையெடுப்பில், வயதான பெண்கள் யாராவது வந்தால் வேலைக்கு நடுவில் அரைமணி நேரம் அவர்களோடு வரப்பில் நடங்கள். எது கீரை, எப்போது பறிப்பது, எதைத் தொடக் கூடாது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ‘இந்தக் காட்டில் மருந்து அடிப்பதில்லை, கீரை பறிக்கலாம்’ என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் செய்தோம். இதுவரை நோட்டில் 17 பேர் ஏறியிருக்கிறது. அதில் 6 செடியை நான் அதுவரை களை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.