பறப்பவர்களின் பொது நிதி

நம் திருவனந்தபுரத்தை அடுத்த வர்க்கலா கடற்கரையில், 2023 மார்ச்சில் ஒரு பாராகிளைடர் உயரமான விளக்குக் கம்பத்தில் சிக்கியது. இருந்த இருவரும் தப்பினர். அடிபட்டிருந்தால் செலவுக்கு யார் பொறுப்பு? பல விபத்துப் பாலிசிகள் விமானப் பயணிகளுக்கே பொருந்தும். பொழுதுபோக்காகத் தாமே பறப்பவருக்குப் பணம் வராது. அதனால்தான் பறப்பவர்கள் தமக்குள் நிதி சேர்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1941இல் தீக்காயமுற்ற விமானப்படையினர் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் 'கினிப் பிக் கிளப்' தொடங்கி, ஆண்டுச் சந்தா வைத்தனர். பொருளாளர், கால் வெந்தவர், பணத்தோடு ஓடமாட்டாராம்! போர் முடிந்த பின்னும் அது உறுப்பினர்களுக்குக் கைகொடுத்தது.

ரயில்வேயில் நாங்கள் சம்பள நாளில் துண்டேந்தி வசூலிப்போம். அது அடிபட்டவரின் செல்வாக்கைப் பொறுத்தது. முன்கூட்டிக் கட்டும் சந்தாவில் அந்தப் பேதமில்லை. பிள்ளைகளைப் பாராகிளைடரில் ஏற்றுமுன், காப்பீட்டுச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.