சுவர் குடித்த தண்ணீர்

2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோவில் கொட்டிய மழையைப் பேஸ்மென்ட் வைத்திருக்கும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் சுமார் 98 மில்லிமீட்டர். 2013 ஜூலை 8 அன்று இன்னும் மோசம், 126 மில்லிமீட்டர். இரண்டு தடவையும் வெள்ளம் தேடிப்போன இடங்களில் ஒன்று வீடுகளின் அடிவயிறு.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழருக்குப் பேஸ்மென்ட் வெறும் சாமான் அறையல்ல. புதிதாக வந்தவர்கள் பலருக்கு அதுதான் கனடாவில் முதல் முகவரி. வீட்டுக்காரருக்கோ மோர்ட்கேஜ் கட்டக் கைகொடுக்கும் வாடகை. அதனால்தான் தண்ணீர் வடிந்ததும் அப்படியொரு அவசரம். கார்ப்பெட்டைக் கிழி, ஃபேனைப் போடு, பெயின்டை அடி, ஆளைக் குடிவை. எனக்கு மழைமீதுள்ள கோபத்தைவிட இந்த அவசரத்தின்மீதுதான் கோபம் அதிகம்.

நண்பர் ஒருவரின் வீட்டில் கீழ்ச்சுவரை வெட்டியபோது நானும் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் முழங்கால் அளவுக்குக்கூட ஏறியிருக்கவில்லை. வேலைக்காரர் கறைக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி விட்டு ட்ரைவோலை, அதாவது உட்சுவரை மூடும் ஜிப்சம் பலகையை, அறுத்து இழுத்தார். உள்ளே பிளாஸ்டிக் தாள், அதற்குப் பின்னால் குளிரைத் தடுக்கும் இளஞ்சிவப்பு ஃபைபர்கிளாஸ் பஞ்சு. கையுறையோடு ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் ஒழுகியது.

"அண்ணை, இதைக் காயவைச்சுத் திருப்பிப் போடேலாதோ?"

"பஞ்சு காயும் தம்பி. அதுக்குள்ள போன ஊத்தை காயுமோ?"

சாக்கடை பின்வாங்கி வந்த தண்ணீர் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பட்ட பஞ்சும் ட்ரைவோலும் குப்பைக்குத்தான். நல்ல தண்ணீராக இருந்தாலும் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

ஆனால் வெள்ளம் வராத வருடத்திலும் அந்தச் சுவர் சும்மா இருப்பதில்லை. மண்ணுக்குள் நிற்கும் கொன்கிரீட் வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். வெள்ளைப் பொடியாக உப்புப் பூப்பது அதற்கு அடையாளம். குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று பஞ்சுக்குள் நுழைந்து, குளிர்ந்த கொன்கிரீட்டில் பட்டு வியர்க்கும். இரண்டு பக்கத்து ஈரத்துக்கும் நடுவில் பஞ்சை வைத்துப் பிளாஸ்டிக்கால் மூடுவது, நனைந்த உடம்புக்கு மழைக்கோட்டு மாட்டிவிடுவது மாதிரி.

ஈரத்துக்கு அஞ்சாத பொருளைக் கொன்கிரீட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டுவதுதான் வழி: கெட்டியான ஃபோம் பலகை, அல்லது அடர்த்தியான ஸ்ப்ரே ஃபோம். பலகையின் மூட்டுகளை டேப்பால் அடைத்தால் சூடான காற்று குளிர்ச்சுவரைத் தொடாது. எக்ஸ்பிஎஸ் என்ற ஃபோம் பலகை அங்குலத்துக்கு ஆர் 5 தரும்; ஆர் என்பது வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறனின் அளவு. இரண்டு அங்குலப் பலகை ஒட்டி, அதன் முன்னால் மரச்சட்டம் நிறுத்திப் பாறையை உருக்கி நூற்ற மினரல் வூல் வைத்தால் ஆர் 20-ஐத் தாண்டிவிடலாம். ஃபோம் தீப்பிடிக்கும் பொருள். ட்ரைவோலால் மூடியே ஆகவேண்டும். அந்த ட்ரைவோல் தரையைத் தொடாமல் அரை அங்குலம் தூக்கி நிற்கட்டும். தொட்டால் திரிபோல ஈரத்தை மேலே இழுக்கும்.

இதெல்லாம் வெள்ளத்தைத் தடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்துகொண்டிருந்தால், தரைக்கடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் சம்ப் பம்ப்பும் சாக்கடை பின்வாங்காமல் தடுக்கும் வால்வும் இல்லாவிட்டால், விலை கூடிய ஃபோமும் அடுத்த மழையில் குளிக்கும்.

நண்பரின் சுவரை எப்போது மூடலாம் என்பதற்கு வேலைக்காரர் ஒரு சோதனை வைத்தார். ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளைக் கொன்கிரீட் சுவரில் நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டினார். தாளின் முன்பக்கம் வியர்த்தால் ஈரம் அறைக் காற்றில். பின்பக்கம் வியர்த்தால் சுவரில். ஜூலையில் அறுத்த சுவர். செப்டம்பர் கடைசியில் போய்ப் பார்த்தபோது முன்பக்கம் துடைத்த கண்ணாடிபோல இருந்தது. பின்பக்கத்தில் முத்து முத்தாய்த் துளிகள். புது ட்ரைவோல் பலகைகள் கராஜில் பிரிக்காமலே கிடந்தன.