தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்!

காலை ஏழு மணி. தாராவி 90 அடி சாலையில் டெம்போக்கள், கைவண்டிகள், பால்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரே நெரிசல். அதற்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. பெட்ரோல் டாங்கின் மேல் நான்கு வயதுப் பையன். பின்னால் மனைவி, ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறார். கணவனுக்கும் மனைவிக்கும் இடையில், புத்தகப் பையோடு எட்டு வயதுப் பெண். மொத்தம் நான்கு பேர். தலைக்கவசம் ஒன்றே ஒன்றுதான். அது குடும்பத் தலைவரின் தலையில் இருக்கிறது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கூட இது அன்றாடக் காட்சிதான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு நிமிடம் நின்று யோசித்தால் கேள்வி எழுகிறது. பிள்ளைகளுக்காக ஊரை விட்டு வந்து, பிள்ளைகளுக்காகவே இரவும் பகலும் உழைக்கிறவர், அந்தப் பிள்ளைகளை வெறும் தலையோடு உட்கார வைத்துக்கொண்டு போகலாமா?

வேறு வழி என்ன?

அந்தத் தகப்பனாரை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. அவருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரம் அல்ல. தாராவியிலிருந்து செம்பூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சயானில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் வண்டிக்கு மாற வேண்டும். காலை நெரிசலில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு குர்லா ஸ்டேஷன் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். சயானுக்கும் மாகிமுக்கும் தெற்கே ஆட்டோ ரிக்ஷா போகாது. டாக்சிக்குத் தினமும் காசு கொடுக்கக் கட்டுப்படியாகாது.

ரயில்தான் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டும், ஓடும் வண்டியிலிருந்து விழுந்தும், வேறு காரணங்களாலும் மும்பை புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் இழக்கிறார்கள்.

ஆகவே “பிள்ளைகுட்டிக்காரருக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு?” என்று கேட்பதில் பயன் இல்லை. எந்தப் பயணத்துக்கு, யாரை ஏற்றிக்கொண்டு, எந்த வேகத்தில் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கணக்கு சொல்வது

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளி விவரப்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் விபத்தில் சிக்கி இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 35,692 பேர் வண்டியை ஓட்டியவர்கள். மீதி 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். யாருடைய மனைவியோ, மகனோ, தம்பியோ! வண்டியின் கைப்பிடியைத் தொடாதவர்கள். பிரேக் அவர்கள் கையில் இல்லை. எதிரே வரும் பள்ளமும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தலைக்கவசம் போட்டால் மட்டும் பிழைத்துவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. உத்தரவாதம் இல்லைதான். ஆனால் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2008-இல் வெளியான மதிப்பீட்டின்படி, தலைக்கவசம் சாவுக்கான அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக் காயத்துக்கான அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று நம் முன்னோர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஒரு தகப்பனாரின் துயரம்

இதே மும்பையில் நடந்த சம்பவம் ஒன்று உண்டு. அந்தேரி பகுதியில் காய்கறி வியாபாரம் செய்பவர் தாதாராவ் பில்ஹோரே. அவருடைய மகன் பிரகாஷுக்கு வயது 16. 2015 ஜூலை மாதம் ஒரு நாள், உறவினர் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஜோகேஸ்வரி – விக்ரோலி இணைப்புச் சாலையில் வந்துகொண்டிருந்தான். மழைக் காலம். சாலையில் இருந்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து, பள்ளம் இருப்பதே தெரியவில்லை. வண்டி அதில் இறங்கியது. இருவரும் தூக்கி எறியப்பட்டனர். தலைக்கவசம் அணிந்திருந்த உறவினர் பிழைத்துக்கொண்டார். பிரகாஷ் பிழைக்கவில்லை.

மகனை இழந்த தகப்பனார் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து கல்லும் ஜல்லியும் சேகரித்து, சாலைப் பள்ளங்களைத் தம் கையாலேயே நிரப்பத் தொடங்கினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளங்களை அவர் மூடியிருக்கிறார்.

சாலையைச் செப்பனிட வேண்டியது நகராட்சியின் கடமை. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடமை நிறைவேறும்வரை பள்ளம் காத்திருப்பதில்லை. கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை நாம் காணும் காட்சி. அந்தத் தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, குழி இருக்கிறதா என்பது யாருக்குத் தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டம், இதை மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு என்கிறது. சிறு பிள்ளையை மூன்றாவது ஆளாக ஏற்ற விதிவிலக்கு வேண்டும் என்று 2023-இல் கேரளத்திலிருந்து கோரிக்கை எழுந்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை.

நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம்தான். மும்பைப் போக்குவரத்துப் போலீசார் பின்னால் உட்காருபவர் மீதும் கண்டிப்புக் காட்டத் தொடங்கியது 2022 ஜூனில்.

அதைவிடச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் தனி விதி உண்டு. 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றிச் செல்லும்போது மூன்று நிபந்தனைகள்: குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் கவசம் வேண்டும், குழந்தைக்குச் சட்டை போல் மாட்டி, ஓட்டுபவரின் தோளோடு இணைக்கும் பாதுகாப்பு வார் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

அப்பாவின் பெரிய கவசத்தைப் பிள்ளையின் தலையில் கவிழ்ப்பது பாதுகாப்பு ஆகாது. ஆடும் கவசம் விழும்போது முதலில் கழன்று போகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசத்தை விற்பதற்கு 2021 ஜூன் முதல் தடை உள்ளது. ஆனாலும் நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது ஹவில்தாருக்காகப் போடும் தொப்பி. தலைக்காகப் போடும் கவசம் அல்ல.

சேலையும் சக்கரமும்

மழையோ பள்ளமோ இல்லாத நாளிலும் ஓர் ஆபத்து உண்டு. சேலைத் தலைப்போ, சுடிதார் துப்பட்டாவோ பின் சக்கரத்தில் சிக்கினால் நொடியில் ஆளைக் கீழே இழுத்துவிடும். பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கப் படி, உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் மோட்டார் சைக்கிளில் இருந்தாக வேண்டும் என்பது விதி. வண்டி அழகாக இருக்க வேண்டும் என்று அந்தத் தடுப்பைக் கழற்றிப் போடுகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். கால் படிக்கு எட்டாத பிள்ளையைப் பின்னால் உட்கார வைப்பதும் தவறு.

மூன்று நிமிட லாபம்

ஆறு கிலோமீட்டர் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஒன்பது நிமிடம் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு நிமிடம். லாபம் மூன்றே நிமிடம். நஷ்டம் என்ன? 40-இல் போகும்போது, ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும் ஒரு வினாடிக்குள் வண்டி 11 மீட்டர் ஓடிவிடுகிறது. 60-இல் அது ஏறக்குறைய 17 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு வேண்டிய தூரமோ இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடும்.

செம்பூர்ப் பக்கம் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. கிழக்கு அதிவேகப் பாலச் சாலையில் இரு சக்கர வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் அனுமதி இல்லை. கார்கள் மேலே போய்விடுகின்றன. கீழே, எண்ணெய் டாங்கர்களுக்கும் டிரெய்லர்களுக்கும் பக்கத்தில், மோட்டார் சைக்கிள்காரர் ஓட்ட வேண்டியிருக்கிறது. பெரிய வண்டியின் இடது பக்கம் ஒட்டி வருபவரை அதன் டிரைவரால் பார்க்க முடியாது.

இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள்

பலர் ஆண்டுதோறும் கட்டுவது சட்டத்துக்காகக் கட்ட வேண்டிய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே. பின்னால் வரும் மனைவிக்கும் அதில் பாதுகாப்பு உண்டு என்று நம்புகிறார்கள். அந்தக் கட்டாயப் பாலிசி மட்டும் இருந்தால், பின் இருக்கையில் இருப்பவருக்கு ஏற்படும் காயத்துக்கோ மரணத்துக்கோ இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2006, 2008 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு.

வண்டியின் சொந்தக்காரரே ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், தனிநபர் விபத்துக் காப்பாகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் என்று 2018-இல் நிர்ணயிக்கப்பட்டது. லைசென்ஸ் செல்லுபடியில் இருக்க வேண்டும். இரவல் வாங்கிய வண்டியை ஓட்டுபவருக்கு இது உதவாது. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவரே என்றால், ஊரில் பெற்றோரும் இங்கே பிள்ளைகளும் நம்பியிருப்பது அவர் ஒருவரைத்தான். அந்தக் காகிதத்தை இன்றிரவே எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

எது வேண்டும், எது வேண்டாம்?

வேலைக்குத் தனியாகப் போய் வருவதற்கு மோட்டார் சைக்கிள் இருக்கட்டும். மனைவியையோ ஒரு பிள்ளையையோ ஏற்றும்போது இன்னொரு கவசமும் வண்டியோடு இருக்கட்டும். நான்கு பேராகக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதென்றால், அன்றைக்கு மட்டும் ரயிலோ பெஸ்ட் பஸ்ஸோ போதும். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் புறப்படலாம். நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் பிள்ளைகள் நடந்தே போகலாம். கொட்டும் மழையில், சாலை தண்ணீரில் மறைந்திருக்கும்போது, வண்டியை வீட்டு வாசலிலேயே விட்டுவிடலாம். ஒரு நாள் ‘லேட்’ ஆனால் சூப்பர்வைசர் திட்டுவார். திட்டு மறுநாள் மறந்துவிடும்.

பதினாறு வயது மகன் சாவியைக் கேட்டால் கொடுக்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும்; அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தத் தண்டனைக்கு முடிவு ஏது?

வண்டியை உதைத்துக் கிளப்பும்போது வாசலில் நிற்கும் மனைவி தினமும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: “பார்த்துப் போங்க.” அவரும் பின்னால் ஏறி உட்காரும் நாளில் அதைச் சொல்ல வாசலில் ஆள் இல்லை. அன்றைக்கு அதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, இரண்டாவது கவசத்தை எடுத்து அவர் கையில் கொடுப்பதுதான் குடும்பத் தலைவருக்கு அழகு. போவது தலைப்பாகையாக இருந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.