கப்பல்கள் கரைசேரும் வரை தூங்காத பிரதமர்

வானொலியில் வேலை பார்ப்பதாலோ என்னவோ, பழைய ஒலிப்பதிவுகள் என்றால் எனக்கு ஒரு பைத்தியம். அப்படித் தேடிக் கேட்ட குரல்களில் ஒன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டினுடையது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பானுடன் போர் மூண்டுவிட்டதை அவர் வானொலியில்தான் மக்களுக்கு அறிவித்தார். பதவியேற்று அப்போது இரண்டே மாதம்.

போர்க்காலத் தலைவர் என்று யாரும் நினைத்திருக்க முடியாத மனிதர். பத்திரிகையாளர், தொழிற்சங்கவாதி. முதல் உலகப் போரின்போது கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்தவர். 1916இல் சில நாள் சிறையிலும் இருந்தார். குடிப்பழக்கம் வேறு. இனித் தொடமாட்டேன் என்று சகாக்களுக்கு வாக்குக் கொடுத்த பிறகே, 1935இல் தொழிற்கட்சியின் தலைவரானார். அதுவும் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்!

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் 'ஜப்பான்காரன் காலம்' இங்கே தொடங்கிய அதே நாளில், சுமார் 15,000 ஆஸ்திரேலிய வீரர்கள் கைதிகளானார்கள். நான்கு நாள் கழித்து டார்வின் நகரில் குண்டு விழுந்தது.

மத்தியக் கிழக்கிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த 7ஆவது படைப்பிரிவை பர்மாவுக்கு அனுப்பச் சொன்னார் சர்ச்சில். ரூஸ்வெல்ட்டும் வற்புறுத்தினார். கர்ட்டின் மறுத்தார். அவர் சம்மதம் இல்லாமலே சர்ச்சில் கப்பல்களை ரங்கூன் பக்கம் திருப்பிவிட, கர்ட்டின் கொஞ்சமும் மசியவில்லை. கப்பல்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. மார்ச் 8ஆம் தேதி ரங்கூனும் விழுந்தது.

சர்ச்சிலை எதிர்த்ததைத்தான் எல்லாரும் பேசுவார்கள். என்னை உலுக்கியது அதற்குப் பின் வந்த இரவுகள். இந்தியப் பெருங்கடலில் போதிய காவல் இல்லாமல் வந்துகொண்டிருந்தன அந்தக் கப்பல்கள். ஒன்று மூழ்கினாலும் பழி தன்மீதுதான் என்பது அவருக்குத் தெரியும். கப்பல்கள் வந்துசேரும் வரை தூக்கமில்லாமல், கான்பராவில் பிரதமர் இல்லத்தைச் சுற்றி நள்ளிரவில் நடந்துகொண்டே இருந்தாராம்.

அதே மனிதர், கட்டாய ராணுவ வீரர்களை நாட்டுக்கு வெளியேயும் அனுப்பலாம் என்று 1943இல் தம் கட்சியையே சம்மதிக்க வைத்தார். இளமைக் கொள்கையை விழுங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்!

1944இல் மாரடைப்பு. 1945 ஜூலை 5ஆம் தேதி, 60 வயதில், அதே பிரதமர் இல்லத்தில் காலமானார். ஜப்பான் சரணடைய இன்னும் ஆறு வாரம் இருந்தது. அவர் நாட்டு வீரர்கள் அப்போதும் சாங்கியில் கைதிகளாகவே இருந்தார்கள்.