நரம்புக் காவலர்

ஊர் உறங்கும்பொழுது தான் உறங்காது விழித்திருப்பவன் காவலன். அறுவை மருத்துவக் கூடத்தில் நோயாளர் மயக்க மருந்தினால் உணர்விழந்து கிடக்கும்பொழுது, அவருடைய நரம்புகளின்பொருட்டு விழித்திருக்கும் ஒருவர் இக்காலத்தில் உளர். அவரே நரம்புக் காவலர் எனத் தக்கவர். அவர் கத்தியைத் தொடுவதில்லை, மருந்து கொடுப்பதுமில்லை. ஆயினும், நோயாளர் கண்விழித்தபின் எழுந்து நடப்பாரா என்பதில் அவருக்கும் பெரும் பங்குண்டு.

மூளையினின்று கீழிறங்கும் தண்டுவடம் முதுகெலும்பினுள் அமைந்துள்ளது. அது சுண்டுவிரல் பருமனே உடையது. வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 45 செ.மீ. நீளமிருக்கும். அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்துச் செல்கின்றன. காலை எடுத்து வைக்குமாறு மூளை இடும் கட்டளை இதன்வழியே இறங்குகின்றது. காலில் முள் தைத்த செய்தி இதன்வழியே ஏறுகின்றது. இவ்வடம் நசுங்கினாலும், இதற்கு வரும் குருதி குறைந்தாலும் கால்கள் செயலிழக்கக்கூடும். இழந்த ஆற்றலை முழுதும் மீளப் பெறுதல் அரிது.

சிறுவர் சிறுமியருள் சிலர்க்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துவிடுகின்றது. வளைவு மிகுந்தால், எலும்புகளில் திருகாணிகளைப் பதித்து, உலோகக் கோல்களைப் பொருத்தி மருத்துவர் நிமிர்த்துவர். எலும்பு நிமிரும்பொழுது உள்ளிருக்கும் வடமும் இழுபடுதல் கூடும். மயக்கத்தில் இருக்கும் குழந்தை, “கால் மரத்துப்போகின்றது” என்று கூற இயலுமோ? இவ்விடர்ப்பாட்டை உணர்ந்த வொசெல், ஸ்டாக்னரா முதலிய பிரெஞ்சு மருத்துவர்கள் 1973-இல் ஒரு வழியை வெளியிட்டனர். அறுவையின் நடுவே மயக்கத்தைச் சற்றுக் குறைத்து, பாதங்களை அசைக்குமாறு நோயாளரைப் பணிப்பதே அவ்வழி. அது பயன் தந்தது. எனினும், அதனை அடிக்கடி செய்தல் இயலாது. தீங்கு நேர்ந்த நொடியிலேயே அறிவிக்கும் வேறொரு வழி வேண்டியிருந்தது.

அவ்வழியை மின்னியல் தந்தது. மின்சாரத்தால் தவளையின் கால் துடித்தல் பற்றிய தம் ஆய்வினை இத்தாலியராகிய கால்வானி 1791-இல் வெளியிட்டார். மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த செய்தியை ஜெர்மானியராகிய பெர்கர் 1929-இல் வெளியிட்டார். பின்னர், இங்கிலாந்தில் டாசன் என்பார், உடலின் நரம்பைத் தூண்டினால் மூளையில் எழும் மறுமொழியைத் தலையின் மேற்புறத்திலேயே பதிவு செய்யலாம் எனக் காட்டினார். அம்மறுமொழி மிக நுண்ணியது. ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் கணக்கிடப்படுவது. சந்தை இரைச்சலில் ஒருவர் மெல்லக் கூறும் சொல், பன்முறை கூறியபின் செவிக்குப் புலனாதல் போல, நூற்றுக்கணக்கான முறை தூண்டிச் சராசரி காணுங்கால் அது தெளிவாகின்றது.

நரம்புக் காவலர் இரு வழிகளையும் காக்கின்றார். கணுக்கால் நரம்பைத் தூண்டி, செய்தி மூளையை அடைகின்றதா எனப் பார்க்கின்றார்; அஃது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 40 பங்கு நேரத்தில் சென்று சேரும். பின்பு தலையில் மின்தூண்டல் செய்து, கால் தசை துடிக்கின்றதா எனவும் பார்க்கின்றார். ஏறுவழியும் இறங்குவழியும் வடத்தின் வெவ்வேறு பகுதிகளில் அமைந்தவை. ஆதலின், ஒன்று நலமாயிருக்க மற்றொன்று கெடுதல் கூடும். ஒன்றை மட்டும் நோக்கி மனநிறைவு கொள்ளுதல் பிழையாகும்.

ஏறுவழி அலையின் உயரம் பாதியாகக் குறைந்தாலும், வந்துசேரும் காலம் பத்தில் ஒரு பங்கு நீண்டாலும், அது பொதுவாக எச்சரிக்கையாகக் கொள்ளப்படும். ஆயினும், அலை தாழ்வதற்குக் காரணம் பல. கம்பி கழன்றிருக்கலாம், குருதியழுத்தம் குறைந்திருக்கலாம், உடல் குளிர்ந்திருக்கலாம், மயக்க மருந்து மிகுந்திருக்கலாம். இவற்றையெல்லாம் விரைந்து ஆராய்ந்து, மருத்துவர்க்கு உடனே உரைத்தல் வேண்டும். மருத்துவர் கையை நிறுத்துவார். இறுக்கிய கோலைத் தளர்த்துவார். மயக்க மருத்துவர் குருதியழுத்தத்தை உயர்த்துவார். பெரும்பாலும் அலை மீண்டும் எழும்.

இப்பணிக்கு உடற்கூறு, நரம்பியல், மின்னியல் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். அமெரிக்காவில் இதற்கெனத் தனித் தேர்வும் சான்றிதழும் உள்ளன. ஆனால், கல்வியினும் அரியது உள்ளத்துறுதி. காரணமின்றிப் பலமுறை எச்சரித்தால், உற்ற வேளையில் அவர் சொல்லைக் கேட்பார் இலர். புகழ்மிக்க மருத்துவரைத் தடுப்பதற்கு அஞ்சி வாளாவிருந்தாலோ, ஒரு குழந்தையின் கால்கள் வாழ்நாள் முழுதும் அசையாது போகலாம். ஆராய்ந்து தெளிதலும், தெளிந்ததை அஞ்சாது உரைத்தலும் அவர்க்கு இரு கண்கள்.

அறுவை முடிகின்றது. குழந்தை கண்விழித்துக் கால்விரல்களை அசைக்கின்றது. பெற்றோர் மருத்துவரைக் கைகூப்பி வணங்குகின்றனர். நரம்புக் காவலரோ தம் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கூடத்திற்குச் செல்கின்றார். அவ்விரல்கள் அசைந்ததே அவர் பெற்ற பரிசு.