ஒரு வருஷ ஆசையால் வந்த வினை!

நான் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 1982ல், நம்ம திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர்., துவக்கி வைத்த சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவள். என் மகளும் அங்கன்வாடி, அப்புறம் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி என்று நன்றாகத்தான் படித்து வந்தாள்.

'அடுத்த வீட்டுப் பிள்ளைங்க டை கட்டி, வேன்ல போகுது. நம்ம பொண்ணு மட்டும் நடந்து போறாளே' என்ற ஆதங்கத்தில், வளையலை அடகு வைத்து, எட்டாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்தேன். மறு வருஷமே பீஸ் கட்ட முடியாமல், பழைய பள்ளிக்கே அழைத்து வந்துவிட்டேன்.

அதன் பலன், அவள் பிளஸ் 2 முடித்த பின்தான் தெரிந்தது. 2022ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில், கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். மருத்துவத்துக்கு 2020லும், இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கு 2021லும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு... எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி: 'ஆறாவது முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியா?' நடுவில் அந்த ஒரு வருஷம் இடித்ததால், எதுவுமே கிடைக்கவில்லை. 'ஏம்மா மாத்தின?' என்று மகள் கேட்டபோது, எனக்கு வாயே வரவில்லை.

ஜப்பான் பள்ளிகளைப் பற்றிப் படித்தபோது, இன்னும் உறைத்தது. அங்கே ஆரம்பப் பள்ளி ஆறு, நடுநிலை மூன்று என, ஒன்பது வருஷம் கட்டாயப் படிப்பு. பெரும்பாலான குழந்தைகள் வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிக்கே போகிறார்கள். வகுப்பறையையும் அவர்களே பெருக்கித் துடைக்கிறார்கள். அதில் அவர்களுக்கு என்ன கவுரவம் குறைந்துவிட்டது?

தோழியரே... ஊர் மெச்சுவதற்காகப் பள்ளியை மாற்றாதீங்க. மாற்றியே ஆகணும்னா, டி.சி., வாங்கும் முன், தலைமை ஆசிரியரிடம் எல்லாவற்றையும் விசாரிச்சுக்குங்க!

— ஒரு வாசகி, உறையூர்.